பவுண் காசும் மக்காவுக்குப் போன கடிதங்களும்

ரீச்சரிடம் கேளுங்கள்

இம்முறை வந்த கேள்விகளில் அரைவாசிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை: முதலாம் உலக யுத்தத்தில் அரபுக்களும் பிரித்தானியரும். காசாச் செய்திகளைப் பார்த்துப் பார்த்துப் பிள்ளைகள் இதன் வேரைத் தேடத் தொடங்கியிருக்கிறார்கள் போலும். எனக்கு அதில் நிறைந்த சந்தோசம். மற்றக் கேள்விகளை ஒத்திவைத்துவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

*

கேள்வி: ரீச்சர், நான் உயர்தரத்தில் வரலாறு படிக்கிறேன். ஒரு குறிப்பில் ‘அரபு விடுதலைப் போராட்டத்துக்குப் பிரித்தானியா உதவியது’ என்று இருக்கிறது. ரியூசனில் தந்த குறிப்பில் ‘பிரித்தானியா அரபுக்களை ஏமாற்றியது’ என்று இருக்கிறது. பரீட்சையில் எதை எழுதுவது?
– மாணவி, கொக்குவில்

பிள்ளை, இரண்டும் நடந்தவைதான். இரண்டையும் எழுதும்; ஆனால் திகதி வரிசையோடு எழுதும். இந்த விஷயத்தில் திகதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே பாதி விடை வந்துவிடும்.

1914 நவம்பரில் துருக்கி ஜேர்மனியின் பக்கம் நின்று யுத்தத்தில் இறங்கியது. துருக்கிய சுல்தான் உலக முஸ்லிம்களின் கலீபாவும்கூட, அதாவது சமயத் தலைவர். அவருடைய பெயரால் ஜிகாத் அழைப்பு வந்தது. பிரித்தானியப் பேரரசுக்குள், இந்தியாவிலும் எகிப்திலும், கோடிக்கணக்கில் முஸ்லிம்கள் இருந்தார்கள். இந்தியாவுக்குப் போகும் வழியான சுயெஸ் கால்வாயும் எகிப்தில்தான் இருந்தது. அந்த அழைப்பு மக்காவிலிருந்தும் ஒலித்தால் என்ன ஆகும் என்ற பயம் லண்டனைப் பிடித்துக்கொண்டது. அதனால்தான் மக்காவின் அமீராக இருந்த ஷெரீப் ஹுசைன் பின் அலியைத் தேடிப் போனார்கள். ஹுசைனுக்கும் தன் காரணங்கள் இருந்தன. துருக்கியில் அதிகாரத்தைப் பிடித்திருந்த இளந்துருக்கியர் கட்சியின் ஆட்சி தன்னைப் பதவியிலிருந்து இறக்கிவிடும் என்று அவர் அஞ்சினார். யுத்தம் தொடங்குவதற்கு முன்னரே, 1914 பெப்ரவரியில், அவருடைய மகன் அப்துல்லா, எகிப்தில் பிரித்தானியப் பிரதிநிதியாக இருந்த கிச்சனர் பிரபுவைக் கெய்ரோவில் சந்தித்து நாடி பிடித்துப் பார்த்திருந்தார்.

1915 ஜூலை 14 திகதியிட்டு ஹுசைனின் முதற் கடிதம் கெய்ரோவுக்குப் போனது. அங்கே பிரித்தானிய உயர் ஆணையாளராக இருந்தவர் சேர் ஹென்றி மக்மஹோன். 1916 மார்ச் வரை இரு பக்கமுமாகப் பத்துக் கடிதங்கள். இவற்றுள் 1915 ஒக்டோபர் 24 திகதிக் கடிதம்தான் உயிர்நாடி. ஹுசைன் கேட்ட எல்லைகளுக்குள் அரபுக்களின் சுதந்திரத்தைப் பிரித்தானியா ஏற்று ஆதரிக்கும் என்று மக்மஹோன் அதில் எழுதினார். கூடவே விலக்குகளையும் வைத்தார். டமஸ்கஸ், ஹோம்ஸ், ஹமா, அலெப்போ ஆகிய இடங்களுக்கு மேற்கே உள்ள சிரியப் பகுதிகள் அந்தப் பொறுப்பில் சேராது என்பது ஒன்று. பக்தாத், பஸ்ரா மாகாணங்களில் பிரித்தானியாவுக்கு விசேட நிர்வாக ஏற்பாடு வேண்டும் என்பது இன்னொன்று. தன் நேசநாடான பிரான்சின் நலனுக்குப் பங்கம் வராத இடங்களில்தான் இந்த வாக்கு என்ற நிபந்தனையும் இருந்தது.

படிப்பித்த காலத்தில் நான் வகுப்பில் இதை வாயால் விளக்குவதில்லை. அட்லசைத் திறக்கச் சொல்லுவேன். அலெப்போவில் பென்சிலை வைத்து, ஹமா, ஹோம்ஸ் வழியாக டமஸ்கஸ் வரை அடிமட்டத்தால் ஒரு கோடு. கோடு கிட்டத்தட்ட நேர் தெற்காக இறங்கும். இனி அதற்கு மேற்கே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். லடாக்கியா, திரிப்பொலி, பெய்ரூட், லெபனான் மலை. ஜெரூசலம் எங்கே? கோடு முடிந்த இடத்திலிருந்து இன்னும் இருநூறு கிலோமீற்றருக்கு மேல் தெற்கே, தென்மேற்காக. பின்வாங்கில் இருக்கிற பிள்ளைதான் முதலில் கையை உயர்த்தும்: “அப்ப பலஸ்தீனம் விலக்குக்குள்ள வராதே, ரீச்சர்!”

பிரித்தானியா வேறு விதமாக வாதிட்டது. டமஸ்கஸ் என்று எழுதியது அந்த நகரத்தை அல்ல, தெற்கே அகபா வரை நீண்டு கிடந்த மாகாணத்தை; ஆகவே பலஸ்தீனமும் அதற்கு மேற்கே வந்துவிடும் என்பது 1922இல் சேர்ச்சிலின் வெள்ளை அறிக்கை எடுத்த நிலைப்பாடு. அந்த வாதத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஹோம்ஸ், ஹமா என்ற பெயர்களில் மாகாணங்களே இருக்கவில்லை. நான்கு பெயரையும் ஒரே வரிசையில் எழுதிவிட்டு, ஒன்றை மட்டும் மாகாணம் என்று எடுப்பது எப்படிப் பொருந்தும்?

ஹுசைன் விட்ட பிழையையும் சொல்ல வேண்டும். 1916 ஜனவரி 1 திகதிக் கடிதத்தில், பிரான்சோடு உங்களுக்குள்ள உறவைக் கெடுக்க விரும்பவில்லை, பெய்ரூட்டையும் கரையோரத்தையும் யுத்தம் முடிந்த பின் கேட்டுக்கொள்கிறேன் என்று அவர் எழுதிவிட்டார். துப்பாக்கியும் தானியமும் வந்தாக வேண்டிய அவசரம். எல்லையை வரையாமலே யுத்தத்துக்குப் புறப்பட்டார்.

இனித் திகதிகளைப் பாரும். 1916 மே 6: டமஸ்கஸிலும் பெய்ரூட்டிலும் அரபுத் தலைவர்கள் 21 பேரைத் துருக்கிய ஆளுநர் ஜெமால் பாஷா தூக்கிலிட்டார். மே 16: சைக்ஸ்–பிக்கோ ஒப்பந்தம். பிரித்தானியாவும் பிரான்சும் அதே அரபு நிலத்தை இரகசியமாகப் பங்கு போட்டன. கரையோரச் சிரியாவும் லெபனானும் பிரான்சின் நேரடிக் கைக்குள், பக்தாத்தும் பஸ்ராவும் பிரித்தானியாவின் கைக்குள், பலஸ்தீனத்தின் பெரும்பகுதி சர்வதேச நிர்வாகத்தில். நடுவில் மிஞ்சியதுதான் அரபு அரசுக்கு. அதுவும் இந்த இருவரின் செல்வாக்குக்கு உட்பட்டு. ஜூன் 10: மக்காவில் ஹுசைன் கிளர்ச்சியைத் தொடக்கினார். ஒப்பந்தத்துக்கும் கிளர்ச்சிக்கும் இடையில் 25 நாள். இளைஞர்கள் சாகப் புறப்பட்ட அன்றைக்கே அவர்களுடைய நிலத்துக்குப் பங்குத் துண்டு எழுதியாகிவிட்டது. எத்தனை வருடம் படிப்பித்தாலும் இந்த இடம் வந்தால் எனக்கு மனம் பொறுக்காது.

உதவி வந்ததா என்றால், தாராளமாக வந்தது. செங்கடல் துறைமுகமான ஜித்தா ஜூன் 16இல் அரபுக்களிடம் விழுந்ததற்கு ‘பொக்ஸ்’, ‘ஹார்டிஞ்’ போன்ற பிரித்தானியக் கப்பல்களின் பீரங்கி பெரிய காரணம். டிசம்பரில் துருக்கியப் படை யன்பு துறைமுகத்தை நெருங்கிய இரவு, துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் தேடொளி விளக்குகளைச் சமவெளி முழுக்க வீசின. துருக்கியர் தாக்காமலே திரும்பினர். 1917 ஜனவரியில் வெஜ் துறைமுகத்தைப் பிடித்த அரபு வீரர்களைக் கப்பலில் கொண்டுபோய் இறக்கியதும் பிரித்தானியர்தான். இதற்கெல்லாம் மேல், சோறு. மக்காவும் மதீனாவும் இருக்கும் ஹிஜாஸ், வெளியிலிருந்து வரும் தானியத்தை நம்பிய பாலைநிலம். யுத்தம் தொடங்கியதும் செங்கடலைப் பிரித்தானியக் கடற்படை முற்றுகையிட்டது, மக்கள் தவித்தார்கள். கிளர்ச்சி தொடங்கியதும் அதே கடல் வழியால் உணவு வந்தது. பொருளாதாரத் தடைக்குள் மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற எங்களுக்கு, கடல் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் உலைப்பானையும் இருக்கும் என்பதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

1917 நவம்பர் 2இல் பிரித்தானிய வெளிநாட்டமைச்சர் பல்போர், யூதத் தலைவரான ரொத்சைல்ட் பிரபுவுக்கு எழுதிய கடிதம் வந்தது: பலஸ்தீனத்தில் யூத மக்களுக்கு ஒரு தேசியத் தாயகம். அன்றைக்கு அங்கே ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் அரபுக்கள். கடிதத்தில் அவர்கள் ‘யூதரல்லாத சமூகங்கள்’. அரபு என்ற பெயரே இல்லை. அதே மாதம் ரஷ்யாவில் ஆட்சியைப் பிடித்த பொல்ஷெவிக்குகள் சைக்ஸ்–பிக்கோ ஒப்பந்தத்தைப் பத்திரிகையில் போட்டு உடைத்தார்கள். ஜெமால் பாஷா அதைக் கையிலெடுத்து, பார், உங்களை விற்றுவிட்டார்கள் என்று ஹுசைனின் மகன் பைசலுக்குத் தூது விட்டார். ஹுசைன் அந்தக் கடிதங்களை அப்படியே பிரித்தானியரிடம் அனுப்பி விளக்கம் கேட்டார். 1918 பெப்ரவரியில் பதில் வந்தது. துருக்கியர் உங்களுக்கும் எங்களுக்கும் இடையில் சந்தேகத்தை விதைக்கப் பார்க்கிறார்கள், அரபு விடுதலை பற்றிய எங்கள் வாக்கு மாறவில்லை என்ற தோரணையில். ஒப்பந்தம் இல்லை என்று அது நேராகச் சொல்லவில்லை. நம்பச் சொன்னது. ஹுசைன் நம்பினார்.

1918 ஒக்டோபர் 1இல் டமஸ்கஸ் துருக்கியரின் கையை விட்டுப் போனது. 1920 மார்ச்சில் பைசல் சிரியாவின் மன்னர் என்று பிரகடனமானார். ஏப்ரலில் சான் ரெமோ மாநாட்டில் சிரியா பிரான்சுக்கும், ஈராக்கும் பலஸ்தீனமும் பிரித்தானியாவுக்கும் ஆணைப் பிரதேசங்களாக, அதாவது சர்வதேச சங்கத்தின் பெயரால் ஆளும் நிலங்களாக, போயின. ஜூலை 24இல் மைசலூன் கணவாயில் பிரெஞ்சுப் படை அரபுப் படையை நசுக்கியது. யுத்த அமைச்சர் யூசுப் அல்-அஸ்மா களத்திலேயே உயிர் விட்டார். பிரித்தானியா கை கொடுக்கவில்லை.

பரீட்சைக்கு இப்படி எழுதும்: பிரித்தானியாவின் உதவி தன் யுத்தத் தேவைக்காகக் கொடுக்கப்பட்டது, கிளர்ச்சி நிலைத்து நிற்க அந்த உதவி அவசியமாக இருந்தது, அதே காலத்தில் அந்த நிலம் வேறு இருவருக்கும் வாக்களிக்கப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு திகதியைப் போட்டால் எந்தப் பரீட்சகரும் புள்ளி குறைக்கமாட்டார்.

*

கேள்வி: லோரன்ஸ் என்ற ஆங்கிலேயர் ஒருவரே இந்த முழுக் கிளர்ச்சியையும் நடத்தினார் என்று படித்தேன். ஒரு தனி மனிதரால் அது முடியுமா?
– வாசகர், சாவகச்சேரி

முடியாது, நடக்கவுமில்லை. கிளர்ச்சி தொடங்கியது 1916 ஜூனில். லோரன்ஸ் முதன்முதலாக ஜித்தாவில் இறங்கியது ஒக்டோபரில். அதற்குள் மக்கா, ஜித்தா, தாயிப் மூன்றும் அரபுக்களின் கைக்கு வந்துவிட்டன.

அவர் துணிச்சல்காரர், அரபு தெரிந்தவர், ஹுசைனின் மகன்களில் பைசலே தலைமைக்கு ஏற்றவர் என்று கண்டுகொண்டவர். அதை மறுக்கமாட்டேன். ஆனால் 1917 ஜூலை 6இல் அகபாவைப் பிடித்த பயணத்துக்குத் தலைமை ஷெரீப் நாசிர். பாலைவனத்துக்குள்ளால் சுற்றி வந்து முதுகுப்புறமாக விழ வழி செய்தது ஹுவைதாத் கோத்திரத்தின் அவுதா அபூ தாயீயும் அவருடைய ஆட்களும். ஒழுங்கான படையைக் கட்டியவர் ஜாபர் அல்-அஸ்கரி. துருக்கியப் படையில் அதிகாரியாக இருந்து பிரித்தானியரிடம் பிடிபட்டு, பிறகு மனம் மாறி வந்தவர். துருக்கியரின் ஹிஜாஸ் ரயில் தண்டவாளத்துக்குக் கண்ணிவெடி வைக்கப் பழக்கிய கார்லண்ட், ஜோய்ஸ், நியூகொம், ஜித்தாவில் இருந்து எல்லாவற்றையும் ஒருங்கிணைத்த வில்சன் என்று பிரித்தானியர் பக்கத்திலேயே பலர் இருந்தார்கள்.

லோரன்ஸின் பெயர் இவ்வளவு தூரம் பரவியதற்குக் காரணம், 1919இல் லண்டனில் லோவல் தோமஸ் என்ற அமெரிக்கர் படம் காட்டி நடத்திய விரிவுரைகள். வெள்ளை அங்கி போட்ட ஒரு வெள்ளைக்காரரின் படம் சனங்களின் மனதில் ஒட்டிக்கொண்டது. அவுதாவின் பெயரைச் சொல்ல அங்கே யார் இருந்தார்கள்? லோரன்ஸுக்காக ஒன்று சொல்லுவேன்: அரபுக்களுக்குத் தன் நாடு சொன்னதைச் செய்யவில்லை என்று அவர் உள்ளூர நொந்தார். 1918 ஒக்டோபரில் மன்னர் ஜோர்ஜ் கொடுக்க இருந்த விருதுகளை மன்னர் முன்னிலையிலேயே வாங்க மறுத்தார். பாரிஸ் சமாதான மாநாட்டில் பைசலின் பக்கம் நின்று வாதாடினார்.

*

கேள்வி: பிரித்தானியர் அரபுக் கோத்திரங்களுக்குத் தங்கப் பவுணாகவே கொடுத்தார்களாம். உண்மையா? அப்படியென்றால் அது விடுதலைப் போரா, கூலிப் போரா?
– வாசகர், பருத்தித்துறை

உண்மை. உங்கள் வீட்டிலும் அந்தக் காசு இருக்கக்கூடும். என் அம்மாவின் தாலிக்கொடியில் கோத்திருந்த இரண்டு பவுண் காசும் இப்போது என்னிடம் இருக்கின்றன. ஒரு பக்கம் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் முடி சூடாத தலை. மறுபக்கம் குதிரையில் இருந்து பறவைநாகத்தைக் குத்தும் சென் ஜோர்ஜ். குதிரைக் காலடியில் சின்ன எழுத்தில் ஆண்டு. ஓரம் தேய்ந்து, ஓட்டை போட்ட இடத்தில் செம்பு நிறம் கொஞ்சம் தெரியும். எட்டுக் கிராமுக்கு ஒரு மயிரிழை குறைவு. செங்கடல் கடந்து ஹிஜாசுக்குப் போனதும் இதே காசுதான்.

தொடக்கத்தில் மாதம் 125,000 பவுண் என்று ஒதுக்கினார்கள், பிறகு கூட்டினார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 125,000 பவுணையும் தங்கமாகவே நிறுத்தால் ஏறக்குறைய ஒரு தொன். துருக்கியரின் கடதாசிக் காசு நாளுக்கு நாள் பெறுமதி இழந்துகொண்டிருந்தது. பாலைவனக் கோத்திரத்தாருக்குத் தங்கத்தில்தான் நம்பிக்கை.

கூலிப் போர் என்று நான் சொல்லமாட்டேன். துருக்கியரும் கோத்திரத் தலைவர்களுக்குக் காசு கொடுத்தார்கள். ஒட்டகத்தையும் ஆட்டையும் விட்டுவிட்டு மாதக்கணக்காகப் போருக்குப் போகிறவனின் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். எந்தப் படைக்கும் சம்பளம் உண்டு. அரபுக்காரன் வாங்கினால் மட்டும் அதைக் கூலி என்பது நியாயமில்லை.

என்னைக் கோபப்படுத்துவது வேறு ஒரு கணக்கு. அதே பிரித்தானியா 1915 டிசம்பரில் நடு அரேபியாவின் நஜ்தை ஆண்ட இப்னு சவூதோடும் ஒப்பந்தம் செய்து, பின்னர் மாதம் 5,000 பவுண் கொடுத்து வந்தது. ஹுசைனுக்குக் கெய்ரோ கொடுத்தது. அவருடைய பரம வைரிக்கு இந்திய அரசாங்கத்தின் அதிகாரிகள் ஏற்பாடு செய்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே மன்னரின் தலை போட்ட காசு.

*

கேள்வி: இந்த வரலாற்றோடு இலங்கைக்கு ஏதாவது தொடர்பு உண்டா?
– வாசகி, வேலணை

உண்டு. அது யுத்தத்துக்கு முன்னரே தொடங்கியது. எகிப்தில் அந்நியத் தலையீட்டை எதிர்த்து எழுந்த அஹ்மத் அராபி பாஷாவை 1882 செப்டம்பரில் தெல்-எல்-கபீரில் பிரித்தானியர் தோற்கடித்து, இன்னும் ஆறு பேரோடு இலங்கைக்கு நாடு கடத்தினார்கள். 1883 ஜனவரியில் கொழும்பில் இறங்கினார். பின்னர் கண்டியிலும் வாழ்ந்து 1901இல் தான் நாடு திரும்பினார். கொழும்பு ஸாஹிராக் கல்லூரி 1892இல் உருவானதில் சித்தி லெப்பை, வாப்பிச்சி மரைக்கார் ஆகியோரோடு அவருடைய ஊக்கமும் இருந்தது. கண்டிக்குப் போனால் அவர் இருந்த வீட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

யுத்த காலத்தில் இங்கிருந்து தோட்டத்துரைமாரின் துப்பாக்கிப் படை ஒன்று எகிப்துக்குப் போய்ச் சுயெஸ் கால்வாயைக் காத்தது. இந்தியச் சிப்பாய்களின் பங்கு மிகப் பெரியது. ஈராக்கின் கூத் நகரில் 1916 ஏப்ரல் 29இல் துருக்கியரிடம் சரணடைந்த ஏறக்குறைய 13,000 பேரில் பெரும்பாலானோர் இந்தியர். 1918 செப்டம்பர் 23இல் பலஸ்தீனத்தின் ஹைபா நகரைப் பிடித்தவை ஜோத்பூர், மைசூர் குதிரைப்படைகள். 1917 மார்ச்சில் பக்தாத்துக்குள் நுழைந்த தளபதி மோட், நாங்கள் வெற்றி கொண்டவர்களாக வரவில்லை, விடுவிக்க வந்திருக்கிறோம் என்று பிரகடனம் செய்தார். அதை எழுதிக் கொடுத்தவர் மார்க் சைக்ஸ். ஒரு வருடத்துக்கு முன் அதே பக்தாத்தைத் தன் நாட்டுக்கென்று பங்கு பிரித்த அதே சைக்ஸ்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. மேல் மாகாணத்தில் தமிழருக்கு ஓர் ஆசனத்தை ஆதரிப்போம் என்று சிங்களத் தலைவர்களான ஜேம்ஸ் பீரிசும் சமரவிக்கிரமவும் 1918 டிசம்பரில் பொன்னம்பலம் அருணாசலத்துக்கு எழுத்தில் உறுதி கொடுத்தார்கள். அதை நம்பித்தான் அவர் தமிழ்த் தலைவர்களை இலங்கைத் தேசிய காங்கிரசுக்குள் அழைத்து வந்தார். உறுதி காப்பாற்றப்படாமல் போக, 1921இல் மனம் உடைந்து வெளியேறினார். ஹுசைனின் கடிதங்களைப் படிப்பிக்கும்போது அருணாசலத்தை நான் நினைக்காமல் இருந்ததில்லை.

*

கேள்வி: என் பேரன் கேட்கிறான்: “கலீபாவுக்கு எதிராக ஆங்கிலேயரோடு சேர்ந்தது துரோகம் இல்லையா?” அவனுக்கு என்ன சொல்லுவது?
– வாசகர், சோனகத்தெரு

ஐயா, உங்கள் பேரனின் கேள்வியை அந்தக் காலத்து முஸ்லிம்களே கேட்டார்கள். இந்தியாவில் பெரும்பாலான முஸ்லிம்கள் ஹுசைன் மேல் கடும் கோபம் கொண்டார்கள். கலீபாவைக் காக்க 1919இல் கிலாபத் இயக்கம் எழுந்தது. காந்தியும் அதோடு நின்றார். அரபுக்களும் ஒரே மனதாக இருக்கவில்லை. கலிப்பொலியில் துருக்கிக்காகப் போரிட்டவற்றில் அரபு ரெஜிமென்ட்களும் இருந்தன. கடைசி வரை சுல்தானின் படையில் நின்ற அரபுக்கள் ஏராளம். மதீனாவை விடாமல் காத்த துருக்கியத் தளபதி பக்ரி பாஷா, யுத்தம் முடிந்து 1919 ஜனவரி வரை பணியவில்லை. நபிகளின் நகரத்தைக் கைவிட அந்த மனிதருக்கு மனம் வரவில்லை.

மறுபக்கத்தில், பெய்ரூட்டிலும் டமஸ்கஸிலும் தூக்கில் தொங்கியவர்களின் வீடுகள் இருக்கின்றன. தங்கள் மொழியில் படிக்கவும் தங்கள் ஊரைத் தாங்களே நிர்வகிக்கவும் கேட்டவர்கள் அந்த மனிதர்கள். அவர்களுடைய பிள்ளைகளிடம் போய்க் கலீபாவுக்கு விசுவாசமாக இருங்கள் என்று சொல்ல என்னால் முடியாது. துரோகம் என்ற சொல்லை நான் ஹுசைனுக்குக் கொடுக்கமாட்டேன். அவர் கேட்டது நியாயமானது. நம்பியது தவறான ஆட்களை. பேரனிடம் இரண்டு பக்கத்தையும் சொல்லுங்கள். இப்படிக் கேட்கத் தெரிந்த பிள்ளை தன் முடிவைத் தானே எடுப்பான்.

*

கேள்வி: ஷெரீப் ஹுசைனுக்குக் கடைசியில் என்ன நடந்தது?
– வாசகர், உடுப்பிட்டி

ஜேர்மனியோடு யுத்தத்தை முடித்த வெர்சாய் உடன்படிக்கையை அவர் உறுதிப்படுத்த மறுத்தார். 1921இல் லோரன்ஸ் நேரில் கொண்டுபோன பிரித்தானிய உடன்படிக்கைக்கும் கையொப்பம் வைக்கவில்லை. பலஸ்தீனத்திலும் சிரியாவிலும் அந்நியர் ஆட்சியை ஏற்க முடியாது என்று நின்றார். பிரித்தானியாவின் பணம் நின்றது. 1924 மார்ச்சில், துருக்கி கிலாபத்தை, அதாவது கலீபா பதவியை, ஒழித்த கையோடு, தானே கலீபா என்று அறிவித்தார். முஸ்லிம் உலகம் பெரும்பாலும் ஏற்கவில்லை. அதே ஆண்டு ஒக்டோபரில் ஹுசைன் முடி துறந்தார், இப்னு சவூதின் படை மக்காவுக்குள் வந்தது. ஹுசைன் சைப்பிரசில் காலம் கழித்து, 1931 ஜூனில் அம்மானில் இறந்தார். ஜெரூசலத்தில் அடக்கம் செய்தார்கள்.

பைசலைப் பிரித்தானியா 1921 ஓகஸ்டில் ஈராக்கின் மன்னராக்கியது. அந்த முடியாட்சி 1958இல் இரத்தத்தில் முடிந்தது. அப்துல்லாவுக்கு யோர்தான் கிடைத்தது. அவர் 1951இல் அல்-அக்ஸா பள்ளிவாசலில் சுடப்பட்டார். இன்றைக்கும் யோர்தானை ஆள்வது அந்த வம்சம்தான். மக்மஹோன் கடிதங்களைப் பிரித்தானிய அரசு அதிகாரபூர்வமாக வெளியிட்டது 1939இல். ஹுசைன் இறந்து எட்டு வருடத்துக்குப் பிறகு.

*

மானிப்பாய் வாசகருக்கு: டமஸ்கஸிலிருந்து மதீனா வரை போன ஹிஜாஸ் ரயில் பாதையை யார் காசில் போட்டார்கள், இன்று அதில் எவ்வளவு மிச்சம் என்று கேட்டிருந்தீர்கள். அது தனியாக எழுத வேண்டிய விஷயம். அடுத்த இதழில் எழுதுகிறேன்.